நாதமும் மன அமைதியும்
நந்திதுர்க் சுரங்கம் உணர்த்தும் பாடம்

சுரங்கத் தொழிலாளி பூமிக்கடியில் தம் பணியைத் தொடங்கும் விதம் கவனிக்கத்தக்கது. வெடி வைத்துப் பாறை பிளக்கப்பட்ட இடத்திற்குள் அவர் உடனே நுழைந்துவிடுவதில்லை. பாதுகாப்பான இடத்தில் நின்று, நீண்ட இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டுகிறார். தட்டிவிட்டுச் செவி சாய்க்கிறார். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்டு தளர்ந்த பாறையோ, வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். விளக்கின் ஒளி காட்டாத ஆபத்தை ஒலி காட்டிக் கொடுக்கிறது. உலகெங்கும் சுரங்கங்களில் கையாளப்படும் எளிய சோதனை இது.

பாறைக்குப் பொருந்தும் இந்த உண்மை மனத்திற்கும் பொருந்தும். அச்சம் கொண்டவரின் குரல் நடுங்குகிறது. சினம் கொண்டவரின் குரல் உயர்கிறது. துயரத்தில் ஆழ்ந்தவருக்குக் குரல் தொண்டையிலேயே அடைத்துக்கொள்கிறது. உள்ளத்தின் நிலையை ஒலி வெளிப்படுத்துகிறது. மனம் குரலை மாற்றுகிறது என்றால், குரல் மனத்தை மாற்ற வல்லதா? நாதத்தைப் பயன்படுத்தி மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்தவும், பட்ட காயத்தை ஆற்றவும் இயலுமா? இக்கேள்விகளை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நந்தியின் பெயர் தாங்கிய சுரங்கம்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயல், தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் எழுந்த ஊர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்தபின் சுரங்கத் தொழில் பெருகியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்னும் சுரங்கங்கள் புகழ்பெற்றன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் 'லைன்' என்று அழைக்கப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறின. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

'நந்திதுர்க்' என்பது நந்தி மலைக்கோட்டையின் பெயர். பெங்களூர், கோலார், தும்கூர் மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய ஆட்சிப் பிரிவுக்கும் அதுவே பெயராயிருந்தது. சைவ மரபில் நந்தி, இறைவனின் ஆடலுக்கு மத்தளம் வாசிப்பவர். தாளத்தின் தேவரான அவருடைய பெயரைத் தாங்கிய சுரங்கத்தில் ஒலித்தவையோ கடுமையான ஓசைகள். காற்றழுத்தத் துளையிடும் கருவியின் இரைச்சல், வெடியின் முழக்கம், மனிதரையும் கனிமத்தையும் ஏற்றியிறக்கும் கூண்டுக்கு மணியடித்துக் கொடுக்கும் சமிக்ஞை, 'ஷிப்டு' மாறும் நேரத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் சங்கு ஆகியவற்றோடு ஊரார் வாழ்ந்தனர்.

இவை யாவற்றினும் அஞ்சத்தக்க ஓசை ஒன்று இருந்தது. ஆழம் மிகுந்த இடங்களில் பாறையின்மீது அழுத்தம் பெருகி, அது திடீரென்று வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு எனப்படும் இந்நிகழ்வு கோலாரில் பல உயிர்களைக் கொண்டது. பெரிய வெடிப்புகளின் அதிர்வு நிலத்திற்கு மேலேயும் உணரப்பட்டது, கட்டடங்களும் சேதமுற்றன. வீட்டிலிருந்த தாய்க்கும் மனைவிக்கும் நிலம் நடுங்கும் அந்தக் கணம் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை. அதிர்வு அவர்களுக்குச் செய்தியாகவே வந்தது.

இத்தகைய ஊரில், ஒலியால் மனத்தை ஆற்றுவது பற்றிப் பேசுவோர் ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒலி தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எத்தகைய ஒலி, எவ்வளவு, யாருடைய விருப்பத்தால் எழுவது என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

ஒலி உடலில் என்ன செய்கிறது?

ஒலி என்பது அதிர்வு. ஒரு பொருள் அதிரும்போது அருகிலுள்ள காற்றும் அதிர்ந்து, அலையாகப் பரவிச் செவிப்பறையை அடைகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை மனிதச் செவி ஒலியாக அறிகிறது. ஒருவர் தாமே எழுப்பும் ஒலி மற்றொரு வழியாகவும் அவரை எட்டுகிறது. தாடை எலும்பும் மண்டை ஓடும் அதிர்ந்து, அந்த அதிர்வு நேரே உட்செவியைச் சேர்கிறது. இதனாலேயே ஒலிப்பதிவில் தம் குரலைக் கேட்பவருக்கு அது அந்நியமாகத் தோன்றுகிறது.

மிகையான ஒலி தீங்கு செய்யும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் பல ஆண்டுகள் உழைப்போரின் செவித்திறன் குன்றக்கூடும். துளையிடும் கருவிகளின் இரைச்சல் 100 டெசிபலையும் தாண்டும். அவற்றை நெடுங்காலம் பிடித்த கைகளில் விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. திடீரென்று எழும் பேரோசை மனத்தையும் தாக்குகிறது. இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலெழுந்து குறுகுகிறது. ஆபத்தினின்று தப்புவதற்காக இயற்கை தந்த இந்த ஏற்பாடு, ஆபத்து நீங்கியபின் அடங்கிவிடவேண்டும். சிலருக்கு அது அடங்குவதில்லை. கதவு வேகமாகச் சாத்தப்பட்டாலும் உடல் துள்ளுகிறது. உறக்கத்திலும் செவி காவல் காக்கிறது.

இறுகிய நிலையிலிருந்து உடலை மீட்பதற்கு மனத்திற்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. 'அமைதியாக இரு' என்று மனத்தை அதட்டினால் அது மேலும் கலங்கும். இதயத்துடிப்பையும் நேரடியாகக் கட்டுப்படுத்த இயலாது. ஆயினும் தானாகவும் நடந்து, விருப்பத்திற்கும் கட்டுப்படும் செயல் ஒன்று உண்டு. அதுவே மூச்சு. குரல் என்பது மூச்சின் மீது ஏறிவரும் ஒலி. இங்கேதான் வாயில் திறக்கிறது.

ஆராய்ச்சிகள் காட்டுவன

மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு சற்றே தணிகிறது. உள்ளிழுக்கும்போது சற்றே விரைகிறது. மூளையிலிருந்து புறப்பட்டு இதயம், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் 'வேகஸ்' நரம்பின் பணி இது. நீண்ட ஒலியை எழுப்புபவர் தம்மையறியாமலே வெளிமூச்சை நீட்டுகிறார். ஆகவே உடல் ஓய்வு நிலைக்குத் திரும்ப வாய்ப்புக் கிட்டுகிறது.

இத்தாலி நாட்டின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. உடல்நலமுள்ள 23 பேர் இதில் பங்கேற்றனர். கிறிஸ்தவர்களின் ஜெபமாலை வழிபாட்டை லத்தீன் மொழியிலும், பௌத்த மரபின் மந்திரம் ஒன்றையும் அவர்கள் ஓதினர். இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயமும் இரத்த அழுத்தமும் இசைந்து இயங்கும் தன்மை மேம்பட்டது. மொழி வேறு, சமயம் வேறு. ஆயினும் உடல் ஒரே விதமாக இளைப்பாறியது.

இச்செய்தி கோலார் தங்க வயலுக்கு மிகவும் பொருந்துகிறது. அவ்வூரில் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் உண்டு. பண்டித அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த இயக்கத்தின் கிளையும் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. களைத்த உடலோடு கூடி அமர்ந்து ஓதவும் பாடவும் ஒவ்வொரு மரபிலும் இடமிருந்தது. ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள் வெவ்வேறு சொற்களை ஓதினாலும், அவர்களின் மூச்சு ஒரே பாதையில் நடந்திருக்கும்.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வும் குறிப்பிடத்தக்கது. 12 பேர் ஓங்காரத்தை உச்சரித்தபோது அவர்களின் மூளை இயக்கம் படமெடுக்கப்பட்டது. அச்சம், உணர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகளின் இயக்கம் அவ்வேளையில் தணிந்திருந்தது. ஒப்பீட்டிற்காக 'ஸ்ஸ்ஸ்' என்ற ஒலியை அவர்களே எழுப்பியபோது அத்தகைய தணிவு காணப்படவில்லை. சிறிய அளவிலான முன்னோட்ட ஆய்வு என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் இது காட்டும் திசை நம்பிக்கை தருவது.

மூக்கின் வழியே முனகும் ஒலி பற்றியும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் ஆகியோர் 2002-இல் இதனை வெளியிட்டனர். வாயை மூடி முனகும்போது, மூக்கு வழியே வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் அளவு, சாதாரண வெளிமூச்சில் இருப்பதைப் போல் 15 மடங்காகிறது. முகத்தின் எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகளில் அதிர்வினால் காற்றோட்டம் பெருகுவதே இதற்குக் காரணம். முனகல் என்னும் சிறு செயல் உடலின் உள்ளறைகளையும் அசைக்கிறது என்பதற்கு இது சான்று.

நூல்கள் காட்டும் வழி

ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நாத சாதனை ஒரு முறையாக வகுக்கப்பட்டிருந்தது. பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தில் பிரணவத்தை ஜபிப்பதோடு அதன் பொருளைப் பாவனை செய்யவும் கூறுகிறார். பொருளறியாது இயந்திரம்போல் உதடசைப்பதை அவர் சாதனையாகக் கருதவில்லை.

சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையில் பிராமரி என்னும் பிராணாயாமம் விளக்கப்படுகிறது. 'பிரமரம்' என்றால் வண்டு. வண்டின் ரீங்காரம் போல் மூச்சோடு ஒலியெழுப்புவதால் இப்பெயர். அந்நூலின் நான்காம் பகுதி நாதத்தைச் செவிமடுக்கும் சாதனையைப் பேசுகிறது. தொடக்கத்தில் கடலும் இடியும் முரசும் போன்ற பேரொலிகளும், பின்னர் சங்கும் மணியும் போன்றவையும், இறுதியில் குழலும் வீணையும் வண்டும் போன்ற நுண்ணொலிகளும் உள்ளே கேட்கும் என்கிறது. பருமையிலிருந்து நுண்மைக்குச் செல்லும் இந்த வரிசையே நாத சாதனையின் உயிர்நாடி.

பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிஷதம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அகாரம், உகாரம், மகாரம் என்னும் மூன்றையும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்னும் நிலைகளோடு அது இணைக்கிறது. நான்காவதற்கு எழுத்தும் இல்லை, ஒலியும் இல்லை. ஓங்காரம் ஒலித்து அடங்கியபின் நிற்கும் மௌனமே அதன் நிறைவு.

பயிற்சி முறை

கீழ்க்காணும் எளிய பயிற்சியை நாள்தோறும் 10 நிமிடங்கள் செய்யலாம். உணவு உண்டவுடன் செய்தல் கூடாது.

1. அமர்தல்: தரையிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து அமரவேண்டும். கண்களை மூடுவது அச்சம் தருமாயின், திறந்தே வைத்து எதிரில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம்.

2. கேட்டல்: முதல் இரண்டு நிமிடங்கள் எந்த ஒலியையும் எழுப்பவேண்டாம். தொலைவில் கேட்பது, அருகில் கேட்பது, தம் உடலுக்குள் கேட்பது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தால் போதும். நல்லது, தீயது என்ற தீர்ப்பு வேண்டா. ஒலியைக் கண்டு அஞ்சிப் பழகிய செவி, இங்கே ஒலியைச் சாட்சியாக நின்று கேட்கப் பழகுகிறது.

3. ரீங்காரம்: மூக்கின் வழியே நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, உதடுகளை மூடி, பற்களை இறுக்காமல், 'ம்' என்ற ஒலியோடு ஆறு எண்ணும் வரை மெல்ல விடவேண்டும். வினாடிக்கு ஓர் எண் என்ற கணக்கில் இது நிமிடத்திற்கு ஆறு மூச்சாக அமையும். ஒரு கையை நெஞ்சின்மீது வைத்து அதிர்வை உணரலாம். இவ்வாறு பன்னிரண்டு முறை.

4. நாமம் அல்லது மந்திரம்: ஓங்காரமோ, தம் மரபில் தமக்கு இனிய திருநாமமோ, ஜெபமோ எதுவாயினும் ஆகுக. முதலில் வாய்விட்டும், பின் உதட்டளவிலும், பின் மனத்தளவிலும் நான்கைந்து நிமிடங்கள் ஓதவேண்டும். பேரொலி நுண்ணொலியாகும் வரிசை இதிலும் உண்டு.

5. அடங்குதல்: இறுதி ஓதலுக்குப்பின் உடனே எழுந்துவிடலாகாது. ஒலி நின்ற இடத்தில் ஒரு நிமிடம் இருக்கவேண்டும். பயிற்சியின் பயன் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான் சுவைக்கப்படுகிறது.

செவித்திறன் குன்றிய முதியவர்களும் இப்பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர். நெஞ்சின்மீது வைத்த உள்ளங்கைக்கு ரீங்காரத்தின் அதிர்வு நன்கு தெரியும். செவி இழந்ததை ஓரளவு தோல் ஈட்டித் தருகிறது.

துயரத்திற்கு ஒரு குரல்

மன இறுக்கம் வேறு, மனக்காயம் வேறு. இறுக்கத்தை ரீங்காரம் தளர்த்தும். காயம் ஆறுவதற்கு அது மட்டும் போதாது. அடக்கிவைக்கப்பட்ட துயரம் முதலில் வெளிவரவேண்டும். தமிழ்ச் சமுதாயம் இதனை நன்கு அறிந்திருந்தது. குழந்தையை உறங்கவைக்கத் தாலாட்டும், இறந்தோரை வழியனுப்ப ஒப்பாரியும் வைத்தது. தால் என்பது நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் இசை என்பதால் தாலாட்டு என்பர். வாழ்வின் முதல் அமைதியும் இறுதிப் பிரிவும் குரலின் வழியாகவே நிகழ்ந்தன. ஒப்பாரியில் பெண்கள் தோள் தழுவிச் சேர்ந்து அமர்கிறார்கள். ஒருவர் சொல்லெடுக்க மற்றவர்கள் உடன் அழுகிறார்கள். தனியாகச் சுமக்க இயலாத பாரம் பலரின் மூச்சில் பகிரப்படுகிறது. கூட்டு வழிபாட்டின் ஆற்றலும் இதுவே.

கோலார் தங்க வயல் மற்றொரு விதமான துயரத்தையும் கண்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் ஈந்த பூமியில் பணி நின்றது. இரைச்சல் ஒழிந்ததே என்று எவரும் மகிழவில்லை. ஷிப்டுக்கு அழைக்கும் சங்கு நின்றபோது பிழைப்பும் பெருமையும் சேர்ந்து நின்றன. ஒலியற்ற நிலை எல்லாம் அமைதி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. திணிக்கப்பட்ட மௌனம் மனத்தை அழுத்துகிறது. தானே தேடியடைந்த மௌனம் மனத்தை ஆற்றுகிறது.

அதன்பின் அவ்வூர் மக்களுள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் அன்றாடம் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகிறார்கள். விடியுமுன் எழுந்து, இருள் சூழ்ந்தபின் வீடு சேரும் அத்தகையோருக்குத் தனி அறையும் ஓய்வான நேரமும் எங்கே கிடைக்கும்? அவர்களுக்கும் வழியுண்டு. ரயிலின் சக்கரங்கள் தாளம் தவறாமல் ஒலிக்கின்றன. அந்தத் தாளத்தைச் செவிமடுத்து, மூச்சை மெல்ல நீட்டி, நாமத்தை மனத்திற்குள் சொல்லி வரலாம். அருகிலிருப்பவருக்கும் தெரியாது; ஒரு காசும் செலவில்லை.

எல்லை அறிதல்

நாத சாதனையின் பயனைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவர்கள். சுரங்கத் தூசியால் நுரையீரல் பாதிக்கப்படும் சிலிகோசிஸ் நோய் கோலாரில் பலரை வாட்டியது. நுரையீரலில் படிந்த தூசியை எந்த மந்திரமும் அகற்றாது. அத்தகைய நோயாளிகளும், ஆஸ்துமா, இதயநோய் உடையோரும் மூச்சை அடக்கும் பயிற்சிகளைச் செய்யலாகாது. மெல்லிய ரீங்காரத்தையும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வசதியாக இயன்ற அளவே செய்யவேண்டும். தலைசுற்றல் தோன்றினால் உடனே நிறுத்தி, இயல்பாகச் சுவாசிக்கவேண்டும்.

குறிப்பிட்ட ஓர் அதிர்வெண் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்று சொல்லி ஒலிப்பதிவுகளும் கிண்ணங்களும் இன்று விற்கப்படுகின்றன. அவ்வாறு நோய் தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இசைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது மனச்சோர்வு குறுகிய காலத்தில் தணிகிறது என்கிறது. 'சிகிச்சையோடு சேரும்போது' என்ற சொற்கள் கவனத்திற்குரியவை. உறக்கமின்மை, பேரச்சம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தொடருமானால் மனநல மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி கேட்டுக் குரல் கொடுப்பதும் நாதத்தின் நற்பயனே.

ஆழத்தில் கேட்டது

1965-ஆம் ஆண்டில் கோலார் சுரங்கத்தில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. சாம்பியன் ரீஃப் பகுதியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டானிய விஞ்ஞானிகள் கருவிகளை அமைத்துக் காத்திருந்தனர். வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் மேலேயுள்ள பாறை தடுத்துவிட, எதனாலும் எளிதில் தடுக்கப்படாத நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை அவர்கள் கண்டனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை உலகம் முதன்முதலாக அறிந்த இடங்களுள் கோலாரும் ஒன்றாயிற்று. அந்தத் துகள் எங்கும் எப்போதும் இருந்தது. மேற்பரப்பின் ஆரவாரத்தில் அதனைப் பிரித்தறிய இயலவில்லை. ஆழத்தின் அமைதியில் இயன்றது.

மனத்தின் அமைதியும் அத்தகையது. அது வெளியிலிருந்து கொண்டுவரப்படுவதன்று. கவலை, சினம், பழைய நினைவுகளின் முழக்கம் ஆகியவற்றுக்குக் கீழே அது என்றும் உள்ளது. நாதம் என்பது அந்த ஆழத்திற்கு இறங்கும் கூண்டு. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூண்டை விட்டு வெளியே வரவேண்டும். ஒலியிலேயே மயங்கி நிற்பவர் பாதி வழியில் நின்றவராவார்.

பாறையைத் தட்டிச் செவி சாய்த்த தொழிலாளி ஒவ்வொரு நாளும் அதைச் செய்தார். நேற்று உறுதியாக ஒலித்தது என்பதற்காக இன்று தட்டாமல் விட்டதில்லை. மனத்தைக் காக்க விரும்புவோருக்கும் அந்த அன்றாட விழிப்பே வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் தம்மைத் தட்டிப் பார்த்து, கேட்டு, ஒலித்து, அடங்குபவரிடத்தில் அமைதி நாளடைவில் நிலைபெறும்.

சிந்தனைக்கு

1. நாள் முழுதும் செவியில் விழும் ஒலிகளுள் மனத்தை இறுக்குவன எவை? தளர்த்துவன எவை?

2. திணிக்கப்பட்ட மௌனத்திற்கும் தேடியடைந்த மௌனத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. குரல் கொடுக்க இயலாமல் துயரத்தோடு இருக்கும் ஒருவர் அண்டை வீட்டில் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து கேட்பது எவ்வகையில் நாத சாதனையாகும்?